‘அது நான் இல்லடா’ என்றாள் அம்மன்

போன ஐப்பசி மழைக்கு அப்புறம் என் மனைவி கனகா படுத்த படுக்கையானாள். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் எனக்கு ஷிப்டு வேலை. வேலைக்குப் போகும்போதும் அவளுக்கு ஜுரம், திரும்பி வரும்போதும் ஜுரம். தினமும் ஏறியதே தவிர இறங்கவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளை என் மாமியார் பார்த்தார். அம்மை என்றே முடிவு கட்டி, வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பு நின்றது. மருந்துக்கும் தடை.

“அம்மா வந்துகிறா நைனா. ஊசி போட்டா கோச்சுக்குவா. பேசாம இரு.”

நானும் அப்படியே விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். இரண்டாவது வாரம் கனகா பிதற்ற ஆரம்பித்தாள். என்னையே யாரென்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் போய் விழுந்தேன். “தாயே, வந்தது போதும், இறங்கிப் போ, அவளை என்கிட்ட குடு” என்று அழுதேன். பக்கத்து வீட்டுத் தனமக்கா மேல் வெள்ளிதோறும் அம்மன் இறங்கி வாக்கு சொல்வாள். அன்றும் ஆடிக்கொண்டிருந்த அக்கா நேராக என் எதிரே வந்து நின்றார்.

“இன்னாடா, என்னிய போ போன்னு சொல்லினு கீற? நான் எங்கடா வந்தேன்? அவ ஒடம்புல கீறது நான் இல்லடா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு!”

ஓடிவந்து வீட்டில் சொன்னதும், ஆட்டோவில் முதல் ஆளாக ஏறியது மாமியார்தான். அம்மன் வாக்குக்கு மேல் அவருக்கு அப்பீல் ஏது?

ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். “அடுத்தவங்க மலத்துல இருக்கிற கிருமிதான் தண்ணி, சாப்பாடு வழியா வயித்துக்குள்ள போகுது. இன்னும் விட்டிருந்தா குடல்ல ஓட்டையே விழுந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா. எங்கள் தெருக்குழாய் மழையில் உடைந்து சாக்கடைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் காய்ச்சாமல் குடித்திருந்தோம். ஜுரம் விட்டதும் கனகா மாத்திரை போதும் என்றாள். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால், கடைசி மாத்திரை வரை மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து விழுங்க வைத்தார்.

தனமக்காவே சொல்லியிருப்பார் என்று ஷிப்டில் கேலி செய்கிறார்கள். அக்காவையே கேட்டேன். “நான் இன்னா சொன்னேன்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்க்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் நாங்கள் அந்த வேப்பிலையைத் தாண்டியிருக்க மாட்டோம். தாய்க்குத் தெரியாதா, பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்கும் என்று? அம்மனுக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

இந்த ஆடியில் கோயிலில் கூழ் கரைக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினோம். கரைக்கிறவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். முணுமுணுத்தவர்களும் உண்டு. முதல் சொம்பு கனகாவுக்கு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

உங்கள் வீட்டிலும் ஜுரம் விடாமல் அடித்தால் அம்மனைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவாள். கூப்பிட்ட கையோடு ஆட்டோவையும் கூப்பிடுங்கள்.