அக்கா, சாப்டியா?

எழுதிக் கொடுத்தால்தான் சீரியல் நடிகர்களுக்குப் பாசம் வரும்.

இன்று காலை, ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒருவர் அறையைக் காலி செய்தார். ஹிட்டான மூன்று சீரியல்களில் பாசக்காரத் தம்பியாக நடித்தவர்.

அறைகளைக் கூட்டித் துடைக்கும் காளியம்மாக்கா அவர் முன்னால் போய் நின்றார். அக்காவின் சொந்தத் தம்பி திருப்பூர் போய் ஆறு வருடமாகிறது. ஒரு போன்கூட இல்லை.

"செல்ஃபியா? சீக்கிரம்" என்றார் நடிகர்.

"படமெல்லாம் வேண்டாஞ் சாமி. டீவில 'அக்கா, சாப்டியா'ன்னு கேப்பீங்கல்ல, அத என்னைய ஒருக்கா கேளுங்க."

நடிகர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "ரெண்டே வார்த்தைதானுங்க சார். கேட்டுட்டுப் போங்க."

கண்ணாடி இறங்கவில்லை. கார் வளைவில் மறையும்வரை அக்கா வாசலிலேயே நின்றார்.

அந்த நடிகரைத் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்: இந்த இரண்டு வார்த்தைக்கு எத்தனை டேக் ஆகும்?