பித்தளை வில்லைகளின் நேரம்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, அடுத்த ஆண்டு, மலாக்காவில் குடியுரிமை மனு வாங்கும் அலுவலகத்தில் நான் இளைய கிராணி, கணக்கெழுதும் எழுத்தர். வரிசையில் முறை வந்தவர்களுக்கு எண் பொறித்த பித்தளை வில்லை கொடுப்போம். ஜன்னலில் ஆளைச் சரிபார்த்து அனுப்பும்போது அது திரும்பி வரும். கொடுத்த நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதி, ஜன்னல் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று வாராவாரம் காட்டுவது என் பொறுப்பு. சுவர்க் கடிகாரத்தை நான் நம்பியதில்லை. என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்து எழுதினேன்.

என் அக்காவின் கணவரும் வரிசையில் நின்றார். மொழித் தேர்வு இல்லாமல் மனுச் செய்யும் சலுகை அந்த ஆண்டிலேயே முடிகிறது. ரப்பர் தோட்டத்தில் தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த அவரால் மலாய்த் தேர்வில் தேற முடியாது. தோட்டத்தில் இருந்த காலத்துக்குச் சான்றாகத் துரையின் கடிதம் கேட்டார்கள். தோட்டம் கைமாறி, பழைய வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போயிருந்தார்.

அத்தான், தான் இப்போது குடியிருக்கும் காஜா பெராங் பகுதியின் கம்போங் செட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். திருநீறும் சாரோங்குமாக வந்த அவர் தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி; மலாயில் பதில் சொன்னார். தோட்டத்தை விட்டுக் காஜா பெராங்குக்குக் குடிவந்த பிறகுதான் இவரைத் தெரியும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அதோடு தோட்டத்துக் காலத்துக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று.

அத்தான் மறுபடி மறுபடி வந்தார். ஜன்னலில் அவருக்கு ஒரு நாள் நான்கு நிமிடம், ஒரு நாள் மூன்று நிமிடம். பக்கங்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: மிகக் குறைந்த நேரங்கள் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டவர்களுடையவை. 'திரும்பியவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

பெரிய கிராணி விரலால் அதைத் தட்டினார். "இது எதுக்குய்யா? நாளைக்கு வந்தா புது வில்லை, புது ஆளு. அழிச்சிரு."

அழித்தேன். எங்கள் ஜன்னல் விரைவானது என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

கடைசி நாளில் அத்தானுக்கு இரண்டு நிமிடம் ஆனது. வில்லையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கப் போனேன். துவைத்த சட்டையோடு அத்தான் படியில் நின்றிருந்தார். சலுகை நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன்.

"தெரியும் மச்சான். வீட்ல உங்கக்கா என்னாச்சுன்னு கேக்குறா. வேற எங்க போறதுன்னு தெரியல."

உள்ளே அழைத்து, காத்திருப்போர் பலகையில் உட்காரச் சொன்னேன். மதியம் வரை அங்கேயே இருந்தார். அந்த நேரத்தை எழுத என் ஏட்டில் இடம் இல்லை.