சரிதா கடையில் எதுவும் தங்காது

ஓசூர் பாகலூர் ரோட்டில் என்னுடையது தையல் கடை. பக்கத்துக் கடை சரிதாவுடையது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் அங்கே உண்டு. இரண்டுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்புதான். மெயின் சுவிட்சும் இரண்டு கடைக்கும் ஒன்றே, அது என் பக்கச் சுவரில் இருக்கிறது. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. காது இருந்தது, கேட்டது.

சரிதா முப்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் முகத்துக்கு நேராகப் பேசுவாள். இந்தக் கடை போடுவதற்கு முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் சம்பளத்துக்கு இருந்தாள். அங்கே பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த காலேஜ் பெண் ஒருத்தியின் படம் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. எவனோ அதை எடுத்து, வெட்டி ஒட்டி, நாலு பேருக்கு அனுப்பிவிட்டான். அந்தப் பெண் படிப்பை நிறுத்திக்கொண்டாள். முதலாளி, நமக்கென்ன தெரியும் என்று கையை விரித்தார். சரிதா அன்றைக்கே வேலையை விட்டாள்.

தன் கடைக் கம்ப்யூட்டரில் அவள் விண்டோஸ் வேண்டாமென்று லினக்ஸ் போட்டாள். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ். எல்லாரும் வைத்திருப்பதை நீயும் வைத்தால் என்னடி குறைந்துபோய்விடும் என்று கேட்டேன்.

"இது உள்ள எப்பிடி எழுதியிருக்குதுன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்க்கா. நமக்குத் தெரியாம எதையாச்சும் எங்கியாச்சும் அனுப்புனா, எவனாச்சும் ஒருத்தன் கண்டுபுடிச்சுக் கத்துவான்."

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வந்தவர் எழுந்து போனதும் அவருடைய ஆதார், மார்க்‌ஷீட், போட்டோ எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தானாக அழிந்துவிடும். அவர் காசு கொடுக்கும்போது சரிதா "தொடச்சாச்சு" என்பாள். இது கம்ப்யூட்டர் கடையா, பாத்திரம் கழுவற கடையா என்று நான் கிண்டல் செய்வேன். போன வாரம் வைத்த ஃபைல் எங்கே என்று சிலர் சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். ஆனால் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் மட்டும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தியாக இவளிடமே வந்தார்கள்.

பிரவீனாவும் அப்படி வந்தவள்தான். ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் தக்காளி போடும் குடும்பம், நல்ல நிலம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்தவள், சந்தோஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சந்தோஷும் கம்பெனி வேலைதான். ஆனால் அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அவள் வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கொலை விழ அந்த ஊரில் அது போதும். அவளுடைய அண்ணன் ஹரீஷ்குமார், எங்கே பார்த்தாலும் அங்கேயே இரண்டு பேரையும் முடித்துவிடுவேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசினார்கள், பேசினதோடு சரி. இவர்கள் புது சிம், புது போன் வாங்கிக்கொண்டு ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு ரூமில் ஒளிந்திருந்தார்கள்.

ஒரு நாள் கல்யாணப் போட்டோ பிரிண்ட் எடுக்க வந்தவள், கடைக் கம்ப்யூட்டரில் தன் இமெயில் ஐடியைப் போட்டுப் போட்டோக்களைத் திறந்தாள்.

"இது யாரு டிராக்டரு?" என்று சரிதா கேட்பது எனக்குக் கேட்டது.

"எங்க அண்ணனோடது. அது எப்பிடிக்கா இங்க வரும்?"

"எப்ப எடுத்த படம்?"

மவுஸைச் சொடுக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு பிரவீனாவின் குரல் கம்மிப்போய் வந்தது. "இன்னிக்குக் காலையில."

நடந்தது இதுதான். ராயக்கோட்டையில் போன் விற்கிறவன், வீட்டில் யாருக்குப் போன் வாங்கினாலும் ஹரீஷ்குமாரின் ஒரே ஐடியையே எல்லாப் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தான். நம் பக்கம் எந்த வீட்டில்தான் தனித்தனி ஐடி இருக்கிறது? ஆளுக்கொரு சோப்பு கூட இருக்காது. பிரவீனாவும் அதையே தன் ஐடி என்று நினைத்து, புதுப் போனிலும் போட்டிருந்தாள். ஒரே ஐடி என்றால் ஒரு போனில் எடுத்த படம் மற்றதிலும் வந்து நிற்கும். அண்ணனின் டிராக்டர் இவளுக்கு வந்தது. இவளுடைய கல்யாணம், மத்திகிரி ரூம், எதிரிலிருந்த மளிகைக்கடை எல்லாம் அவனுக்குப் போயிருந்தன. அவன் அந்தப் பழைய படங்களை இன்னும் தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துவிட்டானோ என்னவோ, அதுவும் தெரியாது.

சரிதா அன்றைக்குக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டாள். தன்னுடைய பழைய போனைத் துடைத்து, கம்பெனிக்காரன் போட்டதை எடுத்துவிட்டு, திறந்த மென்பொருளாலேயே ஆன வேறொரு சிஸ்டத்தை ஏற்றினாள். எந்த ஐடியும் கேட்காத போன் அது. பேச, படம் அனுப்ப சிக்னல் என்ற ஆப் மட்டும். பிரவீனாவும் சந்தோஷும் அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகா கிராமம் ஒன்றில் வீடு பிடித்தார்கள். சரிதாவைத் தவிர யாருக்கும் இடம் தெரியாது. எனக்குத் தடுப்பு வழியாகத் தெரியும்.

வருஷம் திரும்பியது. பெண் குழந்தை பிறந்தது. படம் ஒன்றை அனுப்பி, அம்மாவுக்கு மட்டும் எப்படியாவது காட்டுங்கள் அக்கா என்று பிரவீனா கேட்டாள். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அம்மா வெங்கடம்மாள் வாராவாரம் ஓசூர் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவருவார். சரிதா பீன்ஸ் விலை கேட்பதுபோல் குனிந்து காதில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா சாக்கை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். பெரிய திரையில் பேத்தியைப் பார்த்ததும் திரையைத் தடவித் தடவி அழுதார். நானும் போய்ப் பார்த்தேன். அதற்குள் யாரோ ஜெராக்ஸ் கேட்டு வர, சரிதா பேப்பர் போடத் திரும்பினாள், நான் என் கடைக்கு வந்துவிட்டேன்.

"தொடச்சாச்சும்மா, போயிட்டு வாங்க" என்றாள் சரிதா.

அடுத்த வாரம் வெங்கடம்மாள் தானே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"இத ஒண்ணு பெருசா போட்டுக் குடு கண்ணு."

போனில் பேத்தியின் படம் இருந்தது. போன வாரம் நாங்கள் திரும்பியிருந்த அந்த நேரத்தில், கடைத் திரையை அவர் தன் போனால் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். மறுபடி எப்போது பார்ப்போமோ என்ற ஏக்கம். எந்தப் பாட்டிதான் எடுக்காமல் இருப்பாள்?

"எங்க ஹரீஷே சொன்னான் கண்ணு. கொழந்த அழகா இருக்குதும்மா, போயி பிரிண்ட் போட்டு மாட்டிக்கன்னான். அவனுக்கும் மனசு எறங்கிருச்சு."

என் மெஷின் தானாக நின்றது.

"நீங்க அவருக்குக் காட்டுனீங்களாம்மா?"

"நான் எங்க காட்டுனேன்? அவன் போனுலயே வந்துருச்சாம்."

சரிதா படத்தைப் பெரிதாக்கினாள். குழந்தைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நீல நிறத் தண்ணீர் டேங்க், அதில் கன்னடத்தில் பாதி ஊர்ப் பெயர். திரைக்கு அடியில் ஒட்டியிருந்த சரிதா கடை ஸ்டிக்கரும் படத்தில் விழுந்திருந்தது.

சரிதா வெளியே ஓடிப்போய்ப் பிரவீனாவுக்குப் போன் செய்தாள். சந்தோஷ் ஷிப்டில் இருந்தான். பிரவீனா உடுத்திய துணியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். அன்று சாயங்காலம் அந்த டேங்க் பக்கம் ஒரு கார் வந்து நின்றதாகவும், தமிழ் பேசும் புருஷன் பெண்டாட்டி யாராவது இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டதாகவும் வீட்டுக்காரம்மா பிறகு சொன்னார்.

உள்ளே வெங்கடம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரிதா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "உங்க போன்ல எடுக்கற படம் எல்லாம் அவர் போனுக்குப் போவுதும்மா. நீங்க எங்க போறீங்க, வர்றீங்கன்னு கூட அவரு பாக்கலாம்."

அந்த அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார். "இத நான் தலைமாட்டுல வெச்சுத் தூங்கறேன் கண்ணு" என்றார். எழுந்து பஸ் ஏறப் போனார்.

பிரவீனாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. நல்லா இருக்கோம், இடத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாள். சொல்லாதே என்று சரிதா பதில் போட்டாள். அதன் பிறகு ஹரீஷ்குமார் இரண்டு முறை கடைக்கு வந்தான். பட்டா நகல் எடுத்தான், "தேங்க்ஸ்க்கா" என்றான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றான். தங்கமான பையன் என்று ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவன் போகும்வரை நான் மெஷினை நிறுத்திவிட்டுத் தடுப்பு ஓரமே நின்றேன்.

சில மாதம் கழித்து வெங்கடம்மாள் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"போன வூட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். சந்தைக்கும் போவல. நேரா இங்கதான். ஒரே ஒருவாட்டி காட்டு கண்ணு."

படம் ஒன்று புதிதாக வந்திருந்தது. வெறும் வெள்ளைச் சுவர், அதன் முன்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரவீனா கற்றுக்கொண்டுவிட்டாள். சரிதா என்னைப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, காட்டு என்று தலையாட்டினேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

நான் என் கடைக்கு வந்து தெருவைப் பார்த்தேன். எதிர் பேக்கரி வாசலில் ஹரீஷ்குமார் பைக்கை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தான்.

கூப்பிட நேரமில்லை. எட்டி மெயினை இறக்கினேன். இரண்டு கடையும் இருண்டன. சரிதாவின் யு.பி.எஸ். பேட்டரி செத்து நாளாகியிருந்தது, திரையும் அணைந்தது.

"கரண்டு போச்சா? வந்துருச்சே கண்ணு, தலைமுடி தெரிஞ்சுதே" என்றார் வெங்கடம்மாள்.

ஹரீஷ்குமார் படியேறிச் சரிதா கடைக்குள் போனான், நானும் பின்னாலேயே போனேன். கறுத்துப்போன திரையை ஒரு முறை பார்த்தான், சரிதாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"மறந்து வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியேம்மா" என்றான். "வெச்சுக்கோ."