விளக்கு இல்லாத முதல் ஓட்டம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் மனைவியின் சைக்கிளில் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று நான் சொன்னபோதும் ஒருவரும் நம்பவில்லை. அதுவும் உண்மை. இதுவும் உண்மை.

அவள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புவாள். ஒரு நாள், பாலத்தைத் தாண்டிய இறக்கத்தில், பின்னால் வந்த கார் அவளைத் தூக்கி எறிந்தது. காரை ஓட்டியவர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லையாம். "நான் பாக்கவே இல்ல சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சட்டம் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ரோட்டைப் பார்க்காமல் வண்டி ஓட்டுவது பெரிய தப்பில்லை போலிருக்கிறது. அவர் கண்ணில் படாமல் செத்துப்போனதுதான் தப்பு.

துக்கம் விசாரிக்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள்: "ஹெல்மெட் போட்டிருந்தாளா?" காரில் இருந்தவருக்குக் கண் இருந்ததா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

போலீஸ் அறிக்கை இப்படி முடிந்தது: 'சைக்கிளில் பின்விளக்கு இல்லை. விபத்துக்கு இறந்தவரே காரணம்.'

அந்த வரியை எடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பணம்கூட வேண்டாம் என்றேன். அதற்கும் எட்டு மாதம் அலையவிட்டார்கள். கடைசியில் நீதிமன்றம் ஒரு சோதனைக்கு உத்தரவிட்டது. அதே சாலை, அதே நேரம், அதே கார், அதே ஆள். சாலையின் இரு முனைகளையும் அடைத்துவிடுவார்கள். முன்னால் ஒரு சைக்கிள் போகும். பின்னால் வரும் அவர், சைக்கிள் கண்ணில் பட்டதும் ஹாரன் அடித்து நிறுத்த வேண்டும். முதல் ஓட்டம் விளக்கு இல்லாமல். இரண்டாவது விளக்கோடு.

சைக்கிள் ஓட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு காவலருக்குத் திடீரென்று மூட்டு வலி வந்துவிட்டது. அதனால் நானே ஓட்டுகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா" என்றாள் என் மனைவியின் தங்கை. "அந்த ஆளு கார் முன்னாடி நீங்க போறதா?"

"இன்னைக்காவது பாப்பான்ல."

எதிர்த்தரப்பு வக்கீல் என் தோளில் கை போட்டார். "ஓரமாவே போங்க சார். எங்காளுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு கொஞ்சம் மந்தம்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் நியாயம் கேட்டு நிற்கிறோம்.

காரில் மூன்று பேர். ஓட்டுபவர், பக்கத்தில் வக்கீல், பின் இருக்கையில் இன்ஸ்பெக்டர். அவர்கள் பாலத்தின் மேல். நானும் மச்சினியும் கீழே, பேருந்து நிழற்குடைக்குள். இரண்டாம் ஓட்டத்துக்கான விளக்கு அவள் கைப்பையில் இருந்தது. காவலர் ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார்.

மணி ஆறேகால். வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

விசில் ஊதினார்கள். பெடலை மிதித்தேன்.

செயின் கழன்றுவிட்டது.

நிழற்குடைக்குள்ளேயே குனிந்து மாட்டப் பார்த்தேன். கையெல்லாம் மசி. செயின் பல்லில் ஏறவே இல்லை.

அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் எழுப்புமே, அந்தச் சத்தம். என் சைக்கிளின் சக்கரத்தை நான் கையால் பிடித்திருந்தேன். அது அசையவில்லை.

சத்தம் பாலத்தின் பக்கமிருந்து வந்தது. எங்களை நெருங்கியது. எங்களைக் கடந்தது.

கூடவே ஒரு வாடை. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தடவும் ஸ்பிரிட்டின் வாடை.

மச்சினியின் நகங்கள் என் தோளில் இறங்கின.

"மாமா... யாரு போனது?"

சாலை காலியாக இருந்தது.

மேலே ஹாரன் அலறியது. டயர் கிறீச்சிட்டது.

ஹாரன் நிற்கவில்லை...

வாக்கிடாக்கியில் இன்ஸ்பெக்டரின் குரல். "நல்லாத் தெரிஞ்சீங்க சார். ஆனா முதல் ரவுண்டுக்கு லைட் போடக் கூடாதுன்னு சொன்னேனே?"

"நான் இன்னும் கிளம்பவே இல்ல சார்."

 

நாங்கள் மேலே ஓடினோம். காரோட்டியின் இரண்டு கைகளும் ஹாரனை அழுத்தியபடியே இருந்தன. இன்ஸ்பெக்டர் எட்டி அவற்றை எடுத்துவிட்டார்.

"திரும்பிப் பாத்துச்சு சார்..." என்றார் காரோட்டி. "அன்னைக்கு மாதிரியே."

"அன்னைக்குப் பாக்கவே இல்லன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு வார்த்தை பேசாதீங்க!" என்று வக்கீல் கத்தினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. நகைச்சுவையும் இல்லை.

நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? சைக்கிள் ஓட்ட வேண்டியவர் கலந்துகொள்ளாததால் சோதனை செல்லாது என்றது. ஆனால் ஒரு இன்ஸ்பெக்டரின் காதில் விழுந்த வார்த்தையை அவர்களால் முழுங்க முடியவில்லை. அறிக்கையின் கடைசி வரி மாறியது: 'காரணம் உறுதியாகத் தெரியவில்லை.' காரோட்டியின் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உயிருக்கு மூன்று மாதம். அதற்கே, ஆபீஸுக்கு எப்படிப் போவேன் என்று அவர் குதித்தாராம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் அறியாத பெண் ஒருத்தி என் வாசலில் நின்றாள். அந்தக் காரோட்டியின் மனைவி.

"அவரு போய்ட்டாருண்ணே."

லைசென்ஸ் இல்லாததால் ஆபீஸுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். மாலையில் திரும்பும்போது, அதே இறக்கம். பின்னால் ஒரு லாரி. கையிலிருந்த அறிக்கையின் நகலை நீட்டினாள். 'சைக்கிளில் பின்விளக்கு இல்லை. விபத்துக்கு இறந்தவரே காரணம்.' ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருந்தார்கள்.

"புது லைட்டுண்ணே. காலையில நானே மாட்டிவிட்டேன். இந்த வரிய எப்படி எடுக்க வச்சீங்க, சொல்லுங்க."

சிரிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை.

"லாரிக்காரர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"லைட் போட்ட சைக்கிள் ஒண்ணுதான் பாத்தாராம். ஒரு பொம்பள ஓட்டிட்டுப் போனாங்களாம். திரும்பிப் பாத்தாங்களாம். அவங்க மேல மோதிடக் கூடாதேன்னு ஓரமா ஒடிச்சிருக்காரு. அங்க இவரு இருந்திருக்காரு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா அந்த நேரத்துல ரோட்டுல வேற சைக்கிளே இல்லன்னு போலீஸ் சொல்லுது. யாருண்ணே அந்தப் பொம்பள?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மனு எழுதுவதற்குக் காகிதம் எடுத்தேன். எந்த அலுவலகத்தில், யாரிடம், எத்தனை நகல் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.