சீப்பு ஆம்பளை

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். கல்மண்டபத்துப் பக்கம் ஒரு துரை பங்களாவில் நான் வீட்டு வேலை செய்தேன். துரைக்கு ஸ்பானிஷ் பேசும் தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. அதனால் துரைசானிக்கு அந்தப் பாஷை சொல்லித்தர ஒரு ஸ்பெயின்காரக் கிழவர் வருவார். கப்பலை விட்டு இறங்கி ராயபுரத்திலேயே பெண் கட்டிக்கொண்டவர்.

அந்த மாதம்தான் துரைசானி என் சீப்பை எடுத்துக்கொண்டாள். அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தந்தச் சீப்பு. அலமாரியில் மறந்து வைத்துவிட்டேன். கேட்டதற்கு, "ஒன்கு ஏது ஐவரி? இது என் சாமான், போ!" என்று தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். காது அப்படியில்லை. பாடம் நடக்கும்போது தரை துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பாஷையில் மேசை பெண், சீப்பு ஆண். 'என்னுடையது' என்பதைப் பொருளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொந்தக்காரியைப் பார்த்து அல்ல. மேசைக்கு 'மியா', சீப்புக்கு 'மியோ'. துரைசானிக்கு இது ஏறவேயில்லை. தான் பெண்பிள்ளையாம், அதனால் எல்லாமே 'மியா'.

வாசலில் கிழவர் என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். "சீப்பு ஆம்பளம்மே! வச்சிக்கினு கீறவ பொம்பளன்னா அதுவும் பொம்பள ஆயிடுமா? ஒரே பேஜாரு!"

"எனுக்குப் புரிஞ்சிட்ச்சி நைனா."

"உனுக்குப் புரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

'இது' என்பதற்கு 'எஸ்' என்பார்கள். அதோடு 'தெ' என்ற சொல்லையும் பிடித்துவைத்தேன். அப்பாவுடையது என்றாலும் 'தெ', அப்பாவிடமிருந்து வந்தது என்றாலும் 'தெ'. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ஒருநாள் மாலை தன் தேசத்துக் கப்பல் கேப்டனையும் அவர் பெண்சாதியையும் கிழவர் டீக்கு அழைத்துவந்தார். அந்த அம்மாள் சீப்பைக் கையில் வாங்கி, அழகாயிருக்கிறதே, யாருடையது என்று அந்தப் பாஷையிலேயே கேட்டாள்.

"எஸ் மியா," என்றாள் துரைசானி, கழுத்தை நீட்டி.

டீத் தட்டைக் கீழே வைத்தேன். "எஸ் மியோ. தெ மி பாத்ரே." இது என்னுடையது; என் அப்பாவுடையது, அவரிடமிருந்து வந்தது.

கேப்டன் சிரித்தேவிட்டார். கிழவர் இருமினார். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரியாகச் சொன்னவளுக்கே சொந்தம் என்பது போலச் சீப்பை என் கையில் வைத்தாள். ஆட்சேபணை உண்டா என்று துரைசானியைக் கேட்டாள். வேகவைத்த இறால் மாதிரி சிவந்து, "நாதா" என்றாள் துரைசானி. ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதை மட்டும் சரியாகச் சொன்னாள்.

மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தினாள். சீப்பைச் செருகிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனேன். இதுவரை எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அந்த தேசத்தில் எத்தனை பேர் நடுவில் பூனை மாதிரி 'மியா, மியா' என்று கத்தினாளோ! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்குகிறது.