குணாளன் தாமான் தலைவர் ஆன கதை

ஜொகூரில் லாயாங் லாயாங் ஊர்க்காரன் குணாளனுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. திக்குவாய் எல்லாம் இல்லை. மற்ற சொற்கள் நன்றாகவே வரும். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டைவரை வந்துவிட்டு, அங்கே பிடிக்காத சொந்தக்காரர் யாரையோ பார்த்ததுபோல் திரும்பிப் போய்விடும். ஆறாம் வகுப்பில் பள்ளி நாடகத்துக்கு ஆள் போதவில்லை என்று ஆசிரியை சொல்ல, ஒரே நாடகத்தில் மரமாகவும் மரம் வெட்டுகிறவனாகவும் நடித்தான். இன்னொரு முறை குளுவாங் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா, "தம்பி, இதக் கொஞ்சம் பிடிப்பா" என்று கோழிக்கூண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பாலோ போகும் பேருந்தில் ஏறினார். குணாளனும் கூண்டோடு ஏறினான். அவர் வீட்டுவரை போய், அங்கேயே பசியாறிவிட்டு, பொழுது சாயும்போதுதான் ஊர் திரும்பினான்.

அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார், அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை. குணாளன் குளுவாங்கில் ஒரு கல்லூரியில் மின்னியல் டிப்ளோமா படிக்கிறான். வகுப்புத் தலைவனும் அவன்தான். முதல் நாள் விரிவுரையாளர், "யார் தலைவரா இருக்கீங்க?" என்று கேட்டபோது அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

நான்காம் பருவத்தின் கடைசித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. மறுநாள் மதியம் பாட்டும் விளையாட்டுமாகக் கொண்டாடியே தீர்வது என்று வகுப்பில் பத்துப் பேர் முடிவு செய்தார்கள். ஏற்பாடெல்லாம் ரூபினி. பாலோக்காரி, கல்லூரி வலைப்பந்துக் குழுவின் கேப்டன். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பாட்டு, செல்வாவின் பொறுப்பு. அவனிடம் குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் இருந்தன. விடுதியில் சத்தம் போட அனுமதி இல்லை. குளுவாங் மண்டபங்களிலோ பள்ளி விடுமுறைக் கல்யாணங்கள்.

"குணா, நீ வாரா வாரம் ரெங்கம் வழியாத்தானே வீட்டுக்குப் போற? அங்க ஒரு ஹால் பாரு" என்றாள் ரூபினி.

குணாளன் பார்த்தான். ரெங்கத்தில் நூற்றுப் பத்து வீடுகள் கொண்ட ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பொதுமண்டபம் இருந்தது. அதன் சாவி பாக் ஹமிட் என்ற பெரியவரிடம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மண்டபம் கிடைக்குமா என்று கேட்டதும் அவர், "போலே, போலே" என்று தலையாட்டினார். ஆகட்டும், ஆகட்டும்! எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. அவரும் தன்னைப் போன்ற ஒரு பிறவி என்று குணாளனுக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு இரண்டு கார், மூன்று மோட்டார் சைக்கிளில் பத்துப் பேரும் வந்து இறங்கினார்கள். ஸ்பீக்கரை நால்வர் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தால், உள்ளே பதினோரு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு தட்டு நிறைய கறிபாப். அவர்களில் ஒருவர் மேசைக்குப் பின்னால், முழுக்கைச் சட்டையும் தடிமனான ஃபைலுமாக. அவர் கமலநாதன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தத் தாமானின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர்.

"யாரு நீங்க?"

"பாட்டுப் பாட வந்திருக்கோம் சார்" என்றான் குணாளன்.

"தேசிய கீதத்துக்கா? நெகாராகூவ நாங்களே பாடிக்குவோமே."

பாக் ஹமிட்டுக்கு ஆள் போனது. அவர் வந்து இரு தரப்பையும் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தார். இரண்டு பேரும் நல்லவர்கள், யாரிடம் இல்லை என்று சொல்வது என்று மலாயில் கேட்டுவிட்டு, மனைவியைச் சந்தைக்கு அழைத்துப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவால்ல, நீங்களே ஹால எடுத்துக்குங்க. எங்களுக்கு இன்னிக்கும் கோரம் இல்ல. போன மாசமும் கோரம் இல்ல. அதுக்கு முந்தின மாசமும் கோரம் இல்ல."

"கோரமா இல்லன்னா நல்லதுதானே சார்?" என்றான் செல்வா.

"அந்தக் கோரம் இல்ல லா தம்பி. இருபது தலை. இருபது தலை உக்காந்தாத்தான் ஆண்டுக்கூட்டம் செல்லும். பதினோரு தலைதான் வந்திருக்கு." சொல்லிக்கொண்டே அவர் கண் ஸ்பீக்கரைச் சுற்றி நின்ற தலைகளை எண்ணத் தொடங்கியது. எண்ணி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை எண்ணினார். குரல் குழைந்தது. "தம்பி, ஒரு அரை மணி நேரம் உக்கார்றீங்களா? அப்புறம் ஹால் உங்களுக்குத்தான். கறிபாப்பும் உங்களுக்குத்தான்."

"சார், நாங்க இந்தத் தாமானே..." என்று ரூபினி ஆரம்பிப்பதற்குள் குணாளன், "சரிங்க சார்" என்றுவிட்டான்.

கமலநாதன் நேர்மையானவர். வருகைப் பட்டியலில் பொய் எழுத மாட்டார். எனவே பூட்டியே கிடக்கும் நாற்பத்தேழாம் எண் வீட்டின் சொந்தக்காரர் அர்ச்சுனனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அர்ச்சுனன் சிங்கப்பூரில் வேலை செய்பவர்; ஜொகூர் பாலத்து நெரிசலில், தலைக்கவசத்தோடு திரையில் தெரிந்தார்.

"உங்க வீட்டுக்குப் பத்து விருந்தாளிங்க வந்திருக்காங்க."

"அலமாக்! வீட்டுக்குள்ளயா?"

"இல்ல இல்ல, பேப்பர்லதான். எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க சார், கதவத் திறக்காம எழுதிக்குங்க" என்றார் அர்ச்சுனன்.

இப்படியாக, பார்த்தே இராத ஒரு வீட்டின் விருந்தாளிகளாகப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட, கூட்டம் தொடங்கியது. போன ஆண்டு அறிக்கையில் மூன்று விஷயங்கள்: லோங்காங்கில் தண்ணீர் ஓடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கின்றன. அடைத்த சாக்கடை பற்றி யாரோ முன்மொழிந்த நேரத்தில், இன்னொரு கறிபாப் கேட்பதற்காகச் செல்வா கையைத் தூக்கினான். "செல்வா வழிமொழிந்தார்" என்று எழுதிக்கொண்டார் கமலநாதன். மூன்றாவது கறிபாப்புக்குக் கை தூக்கியபோது குரங்குகளுக்கு எதிரான தீர்மானமும் நிறைவேறியது.

கடைசியாகத் தேர்தல். "ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு ரத்த அழுத்தம். இனிமே நான் நிக்கமாட்டேன்" என்று கமலநாதன் அறிவித்ததும் ஆளுக்கொரு காரணம் கிளம்பியது. மக்சிக் ரொக்கியா தனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து என்றார். மளிகைக்கடை ஆ செங், காது சரியாகக் கேட்பதில்லை என்று, கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார். ராசம்மா ஆன்ட்டிக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இன்னொருவர் தான் வீடு மாறப்போவதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, இன்னும் யோசிக்கவில்லை என்றார்.

மணி மூன்றரை ஆனது. ரூபினி விசிலை எடுத்து ஊதினாள். பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சார், இது முடியாது. நாற்காலியச் சுத்தி ஓடவிட்டுடலாம். பாட்டு நிக்கும்போது யாரு கடைசியா உக்காந்திருக்காங்களோ, அவங்கதான் தலைவர்." அதையே மலாயிலும் சொன்னாள்.

கமலநாதன் சங்கச் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இப்படிச் செய்யலாம்னு போடல" என்றார். பிறகு கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "செய்யக்கூடாதுன்னும் போடல" என்றார்.

இருபது பேர், பத்தொன்பது நாற்காலி. கமலநாதன் மட்டும் பேனாவும் கையுமாக ஓரத்தில். செல்வா கைப்பேசியில் பாட்டைப் போட்டுக்கொண்டே தானும் சுற்றினான். தப்பு மேளச் சத்தத்தில் மண்டபத்துக் கண்ணாடி ஜன்னல்கள் நடுங்கின. மக்சிக் ரொக்கியா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். ராசம்மா ஆன்ட்டி நடக்கவே இல்லை, ஆடினார். பாட்டு நின்றது.

ஒருவரும் உட்காரவில்லை. பத்தொன்பது நாற்காலிகளும் காலியாக இருக்க, இருபது பேரும் முதுகெலும்பு உடைந்தாலும் குனிவதில்லை என்று விறைத்து நின்றார்கள்.

"நிக்கிறவங்க அவுட்!" என்று கத்திய ரூபினிக்கு உடனே விஷயம் உறைத்தது. எல்லாரும் அவுட். எல்லாருக்கும் அதில் பெருமகிழ்ச்சி. ஆ செங் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது சுற்றில் ஆ செங்கின் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். உட்கார்ந்துவிட்டார் என்றார்கள் பத்துப் பேர். நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் கை நுழையும், நுழைத்துப் பாருங்கள் என்றார் அவர். கமலநாதன் குனிந்து பார்த்து, கையை நுழைத்து, 'அரை உட்கார்வு, செல்லாது' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

மூன்றாவது சுற்று. பாட்டு நின்றபோது குணாளனுக்குப் பின்னால் ராசம்மா ஆன்ட்டி மூச்சு வாங்க நின்றார். அவருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அல்லது ஆளை எடைபோட்டிருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்து அவன் முழங்காலுக்குப் பின்னால் வைத்து, பெற்ற தாயின் குரலில் சொன்னார்: "எவ்வளவு நேரமாப்பா நிக்கிற? உக்காரு கண்ணு."

குணாளன் உட்கார்ந்தான்.

கூரை இடிந்ததுபோல் கைதட்டல். மக்சிக் ரொக்கியா வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார். கமலநாதன் ஓடிவந்து ஃபைலையும் ரப்பர் முத்திரையையும் அவன் மடியில் வைத்தார்.

"டேய், எந்திரிடா!" என்று ரூபினி கத்தினாள். "சார், இவன் லாயாங் லாயாங் சார்!"

"சட்டத்துல 'வருகை தந்தவர்'னுதான் இருக்கும்மா. தம்பி வருகை தந்திருக்காரு."

குணாளன் சுற்றிலும் பார்த்தான். இவ்வளவு நிம்மதியான முகங்களை அவன் தேர்வு முடிந்த வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. உட்கார்ந்ததற்காக ஒரு மனிதனுக்கு இப்படிக் கைதட்டுவார்கள் என்பதும் புதிதாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தைக் காலி செய்வதாகத்தான் பேச்சு. யாரும் போகவில்லை. சுமை இறங்கிய பதினோரு பேரும் மைக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆ செங் ஒரு தமிழ்ப் பாட்டைப் பொருள் தெரியாமல், ஒரு சொல் பிசகாமல், கண்ணில் நீர் வரப் பாடினார். இத்தனை நாள் கடையில் வைத்துக் கேட்டதாம். மக்சிக் ரொக்கியா பாடி முடித்த பிறகும் மைக்கைத் தரவில்லை. கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டியில் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கமலநாதன் ஓடினார். ரத்த அழுத்தம் உள்ளவரைப்போல் தெரியவில்லை. முதல் பரிசு அவருக்குத்தான். பலூன் உடைக்கும் போட்டியில் ராசம்மா ஆன்ட்டி மூன்று மாணவர்களைத் தள்ளிவிட்டு ஜெயித்தார். பத்து மாணவர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டுத்தான் கிடைத்தது. அதையும் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மணிக்குச் சாவியோடு வந்த பாக் ஹமிட், இங்கே யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லா விரலும் குணாளனைக் காட்டின. கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது, என்ன செய்யலாம் என்று அவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம ஊர்லயே உன்னை யாருக்கும் தெரியாதேடா" என்றார்.

விடுமுறை முழுக்க ஞாயிறுதோறும் குணாளன் மோட்டாரில் ரெங்கம் போனான். நூற்றுப் பத்து வீட்டு வாட்ஸ்அப் குழு அவன் கைப்பேசியைச் சுடச்சுட வைத்திருந்தது. நகராட்சி அலுவலகத்தில் கொடுக்க மலாயில் கடிதம் எழுதினான். ரூபினி அதைத் திருத்திவிட்டு, கூடவே வந்து, அங்கே விசில் ஊதாமல் பொறுமையாக இருந்தாள். லோங்காங் சுத்தமானது. தெருவிளக்கும் எரிந்தது, ஒரு விளக்கு மட்டும் பகலில் எரிந்தது. மண்டபத்து மின்விசிறிகளை அவனும் செல்வாவும் கழற்றிச் சரிசெய்தார்கள். குரங்கு விவகாரம்தான் மோசமானது. தொட்டிகளுக்கு மூடி போட்டுப் பூட்டிய மறுநாள் ஒரு குரங்கு சங்க முத்திரையைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று நாள் வைத்திருந்துவிட்டுப் பெட்டியில்லாமல் திருப்பிப் போட்டது.

பிப்ரவரியில் தொழிற்பயிற்சிக்காகச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் நேர்காணல். விண்ணப்பத்தில் தலைமைத்துவ அனுபவம் என்ற இடத்தில் குணாளன் உள்ளதை எழுதியிருந்தான். மேலாளர் மகேஸ்வரன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கிறது லாயாங் லாயாங். தலைவர் ரெங்கத்துல. எப்படி?"

குணாளன் முழுதாகச் சொன்னான். மகேஸ்வரன் நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, நான் எங்க தாமான்ல எட்டு வருஷமா தலைவர். விடமாட்டேங்கிறாங்க. அடுத்த மாசம் கூட்டம்." குரலைத் தாழ்த்தினார். "அந்த விளையாட்டுக்கு விதிமுறை எழுதித் தர்றீங்களா?"

குணாளன் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். மின்னியல் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பக்கம் நிறைந்ததும் மகேஸ்வரன் இன்னொரு தாளை நகர்த்தினார். மின்மாற்றி பற்றிக் கேட்பார்கள் என்று இரண்டு இரவு படித்துவிட்டு வந்திருந்த அவனுக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த வாரம் பயிற்சிக் கடிதம் வந்தது. மார்ச் முதல், திங்களிலிருந்து வெள்ளிவரை செனாய், ஞாயிறு ரெங்கம். சனிக்கிழமை மதியங்களில் செல்வா வீட்டு முன்கூடத்தில் பத்துப் பேரும் கூடினார்கள். அங்கே மைக்கைப் பிடுங்க வெளியாள் யாரும் இல்லை. குணாளன் இரண்டு பாட்டு முழுதாகப் பாடினான். குரல் சுமார்தான்.