முதல் பிடி மண்

குண்டடம் கன்னையனுக்குப் பொறுமை என்பது கிடையாது. காலையில் பனியன் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டும் அவருடைய ஜேசிபி, மதியம் சாவுக்குக் குழி தோண்டும். இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

அன்று சண்முகவேலின் புதுக் கம்பெனிக்குத் தோண்டும்போது ஏதோ உடைந்தது. இறங்கிப் பார்த்தால், பழங்காலத்துத் தாழி. உள்ளே கறுத்த எலும்புகள், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டு.

"சீக்கிரம் மூடுங்கண்ணா. தொல்லியல் ஆபீசருங்க பாத்தா வேலை நின்னுரும்," என்றார் சண்முகவேல்.

"நானும் சோத்துக்குப் போகோணுங்க."

ரோட்டில் ஒரு ஜீப் வேகம் குறைந்தது. சண்முகவேல் குழியை மறைத்துக்கொண்டு நின்றார். ஜீப் போய்விட்டது.

கன்னையன் வண்டியில் ஏறினார். சாவுக்குழியில் உறவுக்காரர் முதல் பிடி மண் போட்ட பிறகுதான் அவர் வண்டி மண் தள்ளும். எலும்பைப் பார்த்ததும் அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"உரிமைப்பட்டவங்க வந்து மண்ணு போடுங்க."

"என்னங்க பேச்சு இது? தள்ளுங்க," என்று அதட்டினார் சண்முகவேல்.

கன்னையனுக்குச் சுர்ரென்று ஏறியது. "மூடச் சொன்னது நீங்கதானுங்க. அப்ப நீங்களே போடுங்க. போடாம நான் தள்ள மாட்டனுங்க."

சண்முகவேல் வெடுக்கென்று ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு குழியோரம் குனிந்தார். கண்ணெதிரே அந்தத் தக்களி வட்டு கிடந்தது. அவருடையது தலைமுறை தலைமுறையாக நூலை நம்பிப் பிழைத்த குடும்பம். நீட்டிய கை அப்படியே நின்றது.

"வண்டிய நிறுத்துங்கண்ணா," என்றார் கடைசியில். "ஆபீசருக்கு நானே சொல்லிக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனை எடுத்தார்.